வேலியோரக் கேள்விகள்

? பத்து வெள்ளாடு வாங்கலாம் என்றிருக்கிறேன். முதலில் ஆடா, வேலியா?
— புதுப் பண்ணையார், அவினாசி

வேலி. ஆட்டை முதலில் வாங்கினால், வேலியின் அவசியத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லித் தருவார். பாஷை கொஞ்சம் காரமாக இருக்கும்.

? வெள்ளாடு தாண்டாத வேலி எது?
— கம்பி எண்ணுபவர், தாராபுரம்

அவசரப்பட்டு எந்த வெள்ளாடும் தாண்டுவதில்லை. காலையில் ஒரு சுற்று வந்து, எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது, எந்தக் கல்கால் ஆடுகிறது என்று மேற்பார்வை பார்த்துவிட்டு, நீங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் புறப்படும். வலைக்கம்பி நாலடிக்குக் குறைய வேண்டாம். ஜமுனாபாரி மாதிரி நெட்டை ஆடென்றால் ஐந்தடி. (கன்னியும் கொடியும் இருக்கிற நாட்டில் அந்த நெட்டைக் காது உங்களுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.) முள்கம்பி வேண்டாம், மடி கிழியும். மூலைக் கல்காலுக்குச் சாய்வாக முட்டுக் கொடுப்பீர்களே, அதை வேலிக்கு வெளியே கொடுங்கள். உள்ளே கொடுத்தால் அது ஆட்டுக்கு மாடிப்படி. வலைக்கண் பெரிதாக இருந்தால் தலை போகும், கொம்பு திரும்பாது. விடுவித்த கையோடு அதே ஆடு அதே கண்ணில் தலையைக் கொடுக்கும்.

என்னைக் கேட்டால் நான் கிளுவைக் கட்சி. காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைப் போய்ப் பாருங்கள். போத்தை வெட்டி வரிசையாக நட்டு, மழை குறைந்த சீமையில் உயிர்வேலி எழுப்பியிருக்கிறார்கள். கம்பி துருப்பிடிக்கும், கிளுவை தழைக்கும். அடர்ந்து வரும்வரை படல் கட்டிச் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பிக்கடைக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை.

? ஆடாதொடை, நொச்சி வேலி வைக்கலாமா? ஆடு தின்னாதாமே?
— பச்சை விரும்பி, சத்தியமங்கலம்

தின்னாது. நடுவில் புகுந்து போய் அந்தப் பக்கம் இருப்பதைத் தின்னும்.

? செம்மறிக்கு என்ன வேலி?
— வாசகர், மேச்சேரி

முன்னால் போகிற ஒன்றை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். அதனால்தான் எனக்குச் செம்மறி பிடிப்பதில்லை.

? ஆட்டுக் கொட்டகைக்கு டைல்ஸ் ஒட்டலாமா?
— வசதியானவர், கோவை

கூடவே ஏசியும், வாசலில் காலிங் பெல்லும். மேலே ஒழுகாமல், கீழே நனையாமல் இருந்தால் ஆட்டுக்குப் போதும். பெரிய ஆட்டுக்குப் பத்து சதுர அடி, கிடாவுக்கு இருபது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே விழுந்து வதைக்காது. மேடான இடத்தில் சரிவாக மண்தரை போட்டுத் தினமும் கூட்டுங்கள். மூத்திரம் தேங்கினால் அந்த நெடி ஆட்டின் நெஞ்சைப் பிடிக்கும்.

? பரண்மேல் ஆடு வளர்த்தால் மாதம் லட்ச ரூபாய் என்று யூடியூபில் சொல்கிறார்களே?
— கணக்குப் பிள்ளை, நாமக்கல்

பரண் கட்டிக் கொடுப்பவருக்கு வரலாம். பரண் மேல் எனக்குப் பகையில்லை. அடைமழையிலும் ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும், புழுக்கை கீழே சேரும். சட்டங்களுக்கு நடுவே ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து விடுங்கள். புழுக்கை விழ வேண்டும், குட்டியின் கால் விழக்கூடாது. உயரம் நாலடியாவது இருக்கட்டும். அடியில் குனிந்து கூட்டப் போவது யூடியூப்காரர் அல்ல.

? அடுத்த வீட்டு ஆடு என் முருங்கையை மொட்டையடிக்கிறது. சட்டத்தில் இடமுண்டா?
— முருங்கைக்காரர், மூலனூர்

1871-இல் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் புரட்டுங்கள். 'கால்நடை' என்று அது சொல்லும் பட்டியலில் யானை, ஒட்டகம், கழுதை, பன்றி எல்லாம் வரும். கடைசியில் ஆடும் ஆட்டுக்குட்டியும் வரும். எழுதியவர் கட்டாயம் எங்கோ ஆட்டிடம் அடிபட்டவர். இல்லாவிட்டால் யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே வரியில் நிறுத்த மனம் வருமா? பவுண்டில் அடைக்கலாம் என்றது சட்டம். யானையை ஓட்டிக்கொண்டு பவுண்டுக்குப் போனவரை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நீங்கள் முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

? ராத்திரி தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் குதறிவிட்டன. மோட்டார் ரூமிலிருந்து வேலிக் கம்பிக்கு லைன் இழுக்கலாமா?
— பெயர் வேண்டாம், வெள்ளகோவில்

வேண்டாங்க. 230 வோல்ட் கம்பிக்கு நாய் யார், விடிகாலையில் தண்ணீர் கட்ட வரும் ஆள் யார், உங்கள் வீட்டுப் பிள்ளை யார் என்று தெரியாது. அது குற்றம், அதைவிட, உயிர் போனால் திரும்பாது. சோலார் மின்வேலி வேறு சங்கதி. விட்டுவிட்டுத் துடிக்கும் அதிர்ச்சி அது. அதையும் முறைப்படி அனுமதி வாங்கித்தான் போட வேண்டும்.

நாய் பெரும்பாலும் அடியில் பறித்துத்தான் வரும். வலையின் அடியை வெளிப்பக்கம் மடக்கி ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள். பொழுது சாய்வதற்குள் ஆடுகளைக் கொட்டகையில் அடைத்துவிடுங்கள். இடுப்புயரச் சுவரும் அதற்குமேல் கூரைவரை வலையும் இருக்கட்டும். கடிபட்டுப் பிழைத்த ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, வெறிநாய்த் தடுப்பூசிக்கு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். செத்த ஆட்டை அவர் வந்து பார்க்கும் முன் புதைக்காதீர்கள். நாய் கொன்ற ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு உங்கள் பக்கத்து விவசாயிகள் தெருவில் இறங்கியது உங்களுக்கே தெரியும். கையில் மருத்துவரின் காகிதம் இருந்தால்தான் பேச முடியும்.

? என் ஆடுகள் சீமைக் கருவேல நெற்றை விரும்பித் தின்கின்றன. நல்லதா?
— வாசகர், ராமநாதபுரம்

அளவோடு தின்றால் ஆட்டுக்கு நல்லது. புழுக்கையோடு விழுகிற விதை போன இடமெல்லாம் முளைக்கும். கொஞ்ச வருஷத்தில் முள்வேலி இலவசம். உள்ளே நிலம்தான் இருக்காது.