முறுக்கு உரலும் மின்கட்டணமும்

இராமேசுவரத்து ரதவீதிகளில் எது வீடு, எது கடை என்று நிர்ணயம் செய்யப் புகுகிறவர் எவராயினும், நான்கு வீதிகளையும் சுற்றி முடிப்பதற்குள் அக்கினி தீர்த்தத்தில் இறங்கி அந்தச் சங்கல்பத்தைத் தலைமுழுகிவிடுவார் என்பது என் திடமான அபிப்பிராயம். முன்னறையில் சங்கும் சிப்பி மாலையும் விற்பனையாகும். கூடத்தில் வடதேசத்து யாத்திரிகர் ஈர வேட்டியை உலர்த்துவார். அடுக்களையில் அவருக்கும் வீட்டாருக்கும் ஒரே உலையில் சோறு வேகும்.

இப்படிப்பட்ட பூமியின் மேலும்தான் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும், குடியிருப்பு, வணிகம், தொழில் என்று கோடு கிழித்திருக்கின்றன. பாம்பனில் காயும் கருவாடு மட்டும் அந்தக் கோடுகளைச் சட்டை செய்யாமல் சகல பிரிவுகளுக்கும் தன் வாசனையைச் சமமாக விநியோகித்து வருகிறது.

ராமநாதபுரத்தில் என் சகதர்மிணி வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்பதென்று தீர்மானித்தபோது, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குக்கூட நான் அஞ்சவில்லை, அஞ்சியது மின்கட்டணத்துக்கு. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் வணிகக் கட்டணம் என்றார்கள். உரலைப் பிழிவது அவள் கை, எண்ணெயைக் காய்ச்சுவது விறகு. மின்சாரத்தின் பங்கு, வியர்க்கும் எனக்குச் சுழலும் ஒரு விசிறி என்று நான் விஸ்தாரமாக வாதாடியும் பிரயோஜனமில்லை.

வீட்டை ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால், தொழில் வல்லுநர்களுக்கு வீட்டுக் கட்டணமே போதும் என்றொரு விதி இருப்பதைக் கண்டுபிடித்து, எங்கள் திண்ணை அதில் பாதிகூட இராது என்றும், உப்புக் கூடிற்றா குறைந்ததா என்று வாங்குவோரிடம் அவள் இடையறாது ஆலோசிக்கிறாள் என்றும் விண்ணப்பித்துக்கொண்டேன். "சார், அது டாக்டர், வக்கீலுக்கு" என்றார் மேசைக்கு அப்புறம் இருந்த இளைஞர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நோயாளி போகிறபோது இருந்ததைவிட இளைத்து வரும் இடம் வீடாம். வாங்குகிறவர் வயிறு நிறைந்து போகும் இடம் கடையாம்!

ஆயினும் விதி எழுதியவர்களை நான் முற்றிலும் நிந்திக்க மாட்டேன். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறிக்குழியைச் சுற்றித்தான் குடும்பமே வாழ்கிறது என்பதை அறிந்தோ என்னவோ, நெசவாளர் வீட்டுக் கைத்தறியை, வெளியாள் கூலிக்கு நெய்தாலும்கூட, வீட்டுக் கட்டணத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 300 ஆகவும் உயர்த்தினார்கள். கட்டண விதிகளிலேயே மனிதர் வசிக்கும் வீட்டை நேரில் பார்த்து எழுதியது இந்தத் தறி விதி ஒன்றுதான்.

ஆகவே, அடுத்த முறை அந்த விதியைத் திருத்த உட்காரும் கனவான்களுக்கு என் பிரார்த்தனை: தறிக்குக் காட்டிய தாட்சண்யத்தை முறுக்கு உரலுக்கும் காட்டுங்கள். ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம் என்றாலும் ஆட்சேபமில்லை. எங்கள் வீட்டில் எந்நேரமும் கிடைக்கும்.