மண்வெட்டிக்கு ஒரு கிரெடிட்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் தமிழும் ஆங்கிலமும் முக்கியப் பாடமும் தேறினால் மட்டும் பட்டம் கைக்கு வந்துவிடாது. பகுதி ஐந்து என்று ஒன்று இருக்கிறது. விரிவாக்கப் பணியாம், அதற்கு ஒரே ஒரு கிரெடிட். நாட்டு நலப்பணித் திட்டமோ, தேசிய மாணவர் படையோ, செஞ்சிலுவைச் சங்கமோ, ஏதாவது ஒன்றில் தலையைக் காட்டியாக வேண்டும். காட்டாதவனுக்குப் பட்டம் நின்றுபோகும். மனமுவந்து செய், செய்யாவிட்டால் விடமாட்டேன். நம் அரசாங்கத்துக்குத் தெரிந்த தன்னார்வம் இதுதான்.

கொஞ்சம் ஏமாந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். கல்லூரியில் சேரும் முன் ஒவ்வொரு மாணவனும் மாதக்கணக்கில் கட்டாய தேசிய சேவை செய்ய வேண்டும் என்று, 1959இல் மத்திய அரசு அமைத்த தேஷ்முக் குழு யோசித்தது. வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்த கல்வியாளர் சையதைன், வேண்டாம், விருப்பப்பட்டவர் வரட்டும் என்றார். ஒருவருக்காவது புத்தி இருந்தது. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம். ‘நானல்ல, நீ’ என்பது அதன் முழக்கம். இவ்வளவு நேர்மையான அரசு முழக்கத்தை நான் கண்டதில்லை. வாய்க்காலைத் தூர்வார வேண்டியது யார்? நானல்ல, நீ. குப்பை அள்ள வேண்டியது? நானல்ல, நீ. வரி வாங்குவது யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

டெல்டாவில் ஒரு முகாமைப் பாருங்கள். காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும் ஒரு வாய்க்கால். கரையில் பேனர். பேனரில் பெரிய முகங்கள் மேலே, சிறிய முகங்கள் கீழே, மண்வெட்டி பிடிக்கப்போகிறவர்களின் முகம் எங்கும் இல்லை. தொடங்கி வைக்கிறவருக்கென்று தனியாக ஒரு மண்வெட்டி, காம்பில் ரிப்பன் சுற்றி. அவர் ஒரு கொத்துக் கொத்துகிறார், கைதட்டல். ‘சார், ஜியோடேக் வரலை, இன்னொரு தடவை’ என்கிறான் படம் எடுக்கும் பையன். இன்னொரு கொத்து. தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் கல்லூரி அனுப்பும் கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் இருக்க வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் இருக்க வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு எலுமிச்சைசாதப் பொட்டலம், எல்லோர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. மதகில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார்: ‘தம்பி, நாளைக்கும் வருவீங்களா, இல்ல போட்டோவோட சரியா?’ பையன் வருகைப் பதிவேட்டைத் தேடிப் போகிறான்.

பெரியவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜூன் 12 அன்று பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்கு முந்தின நாள் கனவில் வந்து தெரிகிற சேதி அல்ல. ஆனாலும் தூர்வாரும் பணி தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் பின்னாலோதான் ஓடும். அதுவும் ஆறும் பெரிய வாய்க்காலும்தான். சி, டி வாய்க்கால் என்று வயலுக்குப் போகிற கடைசிக் கால்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். அதற்குத்தான் ‘மக்கள் பங்கேற்பு’.

இதைச் சொன்னால், ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து நம் மரபாயிற்றே என்று பாட ஆரம்பிப்பார்கள். எப்பேர்ப்பட்ட மரபு! சோழர் கல்வெட்டுகளிலேயே வெட்டியும் அமஞ்சியும் கூலியில்லா உழைப்பாகப் பதிவாகியிருக்கின்றன. 1858இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது: ஊர் வழக்கப்படி பாசன வேலைக்கு வர வேண்டியவன் வராவிட்டால், அவன் உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அவ்வளவு ஆர்வத்தோடு வந்த மக்களுக்கு ஏன் ஐயா அபராதம்? தஞ்சாவூரில் இன்னொரு கூத்து. மராமத்தின் புண்ணியம் மிராசுதார் கணக்கில், மண் கூடை பண்ணையாள் தலையில். அந்தத் தலைக்குச் சட்டத்தில் கொஞ்சமாவது பாதுகாப்பு வர 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே 23இன் இரண்டாம் உட்பிரிவு, பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாய சேவை வாங்கலாம் என்கிறது. மிராசுதார் வாங்கினால் குற்றம், அரசு வாங்கினால் தேசபக்தி.

2017இல் குடிமராமத்து மறுபிறவி எடுத்தது. 100 கோடி ரூபாய், 1,519 பணிகள், விவசாயிகள் பங்கு பத்து சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ. 2019-20இல் தொகை 499 கோடியைத் தாண்டியது. பணியை எடுத்த விவசாயிகள் சங்கத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒப்பந்ததாரர்தான் நிற்கிறார் என்று ஊர் ஊராகப் புகார் எழுந்தது. இது பழைய நோய். திட்டக் குழுவின் ஆசியோடு 1952இல் பிறந்த பாரத் சேவக் சமாஜ் என்ற தொண்டு அமைப்பின் சேவையும் கடைசியில் நீதிபதி கபூர் விசாரணைக் கமிஷனில் போய்த்தான் முடிந்தது. தொண்டுக்கு அரசுப் பணம் வந்த இடத்தில் தணிக்கையாளர் வராமல் தீராது.

நிஜமான தன்னார்வம் இந்த மண்ணில் இல்லையா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, ஊரூராக அரிசியும் மெழுகுவத்தியும் ஏற்றி லாரிகள் வந்தன. எந்தச் சுற்றறிக்கையும் அவற்றை அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி ஏரியைத் தூர்வாரினார்கள். யாருக்கும் கிரெடிட் இல்லை. இந்த நாட்டில் உங்கள் ஊர் ஏரியில் நீங்களாக வண்டல் அள்ளினால் என்ன ஆகும் தெரியுமா? 1959இன் சிறு கனிம விதிகளில் அனுமதி வாங்கவில்லை என்றால் அது கனிமத் திருட்டு, டிராக்டர் காவல் நிலையத்தில் நிற்கும். அதே மண்ணைப் பேனருக்குக் கீழே நின்று அள்ளினால் சான்றிதழ்.

இதில் கட்சி பேதம் பார்க்க வேண்டாம். ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா’ ராஜ்யத்தைத் திட்டி 1959இல் சுதந்திரா கட்சி கண்ட ராஜாஜிதான், 1953இல் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளின் பாதி நாளை அப்பன் தொழிலுக்கு ஒதுக்கித் திட்டம் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்தவன் பிள்ளையின் பொழுது தன் பட்டா நிலமாகத் தெரிகிறது போலும்.

தன்னார்வத்தில் அரசுக்கு உண்மையிலேயே இவ்வளவு நம்பிக்கை என்றால், டீசலுக்கும் பூச்சிமருந்துக்கும் வாங்குகிற வரியையும் தன்னார்வமாக்கிப் பார்க்கட்டுமே. விரும்பியவர் கட்டட்டும். கட்டியவருக்கு ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு எலுமிச்சைசாதப் பொட்டலம், ஒரு கிரெடிட்.