விம்கோ நகர்க் காதுகுத்தில் பொன்னும் பல்லும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1. ஊர்ப்பெயர்

'விம்கோ' என்பது 'விம்மும் கோ' என்பதன் மரூஉ. ராணிக்குக் கவரிங் வளையலைப் பவுன் என்று சொல்லிக் கொடுத்து, மாட்டிக்கொண்டு, விம்மி அழுத மன்னன் ஒருவன் இங்கே ஆண்டிருக்க வேண்டும். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டி ஆலையின் முதலெழுத்துகளே விம்கோ என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு எளிய விளக்கத்துக்கு யார் முனைவர் பட்டம் தருவார்கள்? (இதே முறையில்: கவரிங் = கவர் + இங்கு.)

2. ஆய்வுப் பொருள்

தாய்மாமன் காதுகுத்துக்கு வாங்கிவரும் கம்மல். அது அசலா?

3. சோதனை முறைகள்

அ. காந்தம்: ஒட்டினால் தங்கமில்லை, ஒட்டாவிட்டாலும் நிச்சயமில்லை, பித்தளையும் ஒட்டாது.

ஆ. உரைகல்: கல் போதாது, பத்தரின் கண்ணும் வேண்டும்.

இ. உடைத்தல்: சிலப்பதிகார முறை. முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள்; கோவலனை வெட்டிய பிறகு.

ஈ. தெய்வம்: சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது மாற்று உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது ஐதிகம். அதே சுந்தரர் சங்கிலியாரை மணந்தது நம் திருவொற்றியூரில். பெண்ணின் பெயரே நகையாக இருந்ததால் சீர் பற்றிய குறிப்பு இல்லை போலும்.

உ. பல்: இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. 'தங்கம்னா பல்லு பதியும்' (பெரியம்மா, வாய்மொழி). 22 காரட்டில் செம்பும் வெள்ளியும் கலந்து இறுக்கியிருப்பதால் அவ்வளவு எளிதில் பதியாது. ஈயத்தில் நன்றாகப் பதியும். ஆக, பல் தேர்ச்சி கொடுப்பது ஈயத்துக்கு. 'அப்போ பல்லு சரியில்ல' (பெரியம்மா, மேலது, வெற்றிலை மென்றபடி). இங்கே ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது. பெரியம்மா கட்டியிருப்பது பல்செட். சோதிக்கும் பல்லே கவரிங் என்றால் முடிவு செல்லுமா? செல்லாது (அவர் நாத்தனார், மொட்டைமாடி, வடகம் பிழிந்தபோது). செல்லும் (பெரியம்மா, அதே மாடி, படியிறங்கியபடி, எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் லாரியின் ஹாரனால் ஏழு சொற்கள் சிதைந்துள்ளன. அவை வசவுச் சொற்கள் என்பார் ஒரு சாரார். இடைச்செருகல் என்பார் மறு சாரார். இரு சாராரும் மாடிக்குப் போனதில்லை, ஒருவர் கட்டுரையை ஒருவர் பார்த்து எழுதியவர்கள்).

ஊ. எண்: 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி. இல்லாமல் கடைக்காரர் விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916, எச்.யு.ஐ.டி. என மூன்றும் லென்ஸில் தெரிய வேண்டும். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் கம்மல், செயலியில் வளையல் என்றால், எண் இரவல்.

4. முடிவுரை

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தாய்மாமன்கள் வாங்குவதோ பெரும்பாலும் அந்த எடைதான். ஆகவே எடையும் காரட்டும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஹால்மார்க்கிங் மையத்தில் காசு கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஆய்வேட்டின் அடிக்குறிப்பைத் தட்டிப் பார்க்க இன்னும் செயலி வரவில்லை. நகைக்கு வந்துவிட்டது. எண் இருந்தால், கடையை விட்டு இறங்குமுன் தட்டிப் பாருங்கள். பெரியம்மாவிடம் கடிக்கக் கொடுக்காதீர்கள்.