பாரிமுனை நிபுணர்

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், ஜோசியருக்கு அடுத்தபடியாகத் தகவல் போவது இவருக்குத்தான். பத்திரிகை அடிக்க மெட்ராஸ் ஆண்டர்சன் தெருவுக்குப் போகவேண்டுமே, கூட வர ஆள் வேண்டாமா? ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். கக்கத்தில் ரெக்சின் பை, வாயில் வெற்றிலை, “பாரீஸ் கார்னர்ல எனக்குத் தெரியாத சந்து இன்னா இருக்குது?” என்ற கேள்வி.

செங்கல்பட்டு வரை பஸ். அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு எலக்ட்ரிக் ரயில். பத்திரிகை வேலை சீக்கிரமே முடிந்துவிடும். நம்மவர் வேலை அப்புறம்தான் ஆரம்பம். “வந்ததே வந்தீங்க, ஆர்பரப் பாக்காம போனா எப்படி?”

பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் ஈ கூட நுழைய முடியாது. ஆகவே அவர் காட்டுவது ராஜாஜி சாலை மதில் சுவரை. சுவருக்கு மேலே தெரியும் கிரேனைப் பார்த்தே, அதன் கீழே எந்த நாட்டுக் கப்பல், அதில் என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார். 2022இல் இங்கிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியபோது, நீச்சல் குளம் எத்தனையாவது மாடியில் என்று டீக்கடையில் விளக்கியவரும் இவரே.

உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் நினைவுக் கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இது சரித்திரம். இவர் சொல்லும்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் குண்டு சில மைல் கூடுதலாகப் பறக்கிறது. போன தை மாதம் தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு முகூர்த்தம் போனால் நம்மூர் ஏரிக்கரையில் விழுந்துவிடும்.

மண்ணடி லாட்ஜுகளுக்கு வாசல் போர்டைப் பார்த்தே மார்க் போடுவார். எதிலும் ஓர் இரவு தங்கியதில்லை. உத்திரமேரூர் கடைசி பஸ் போய்விடுமே!

ஆனால் தின்பண்டத்தில் மனிதர் அசல் நிபுணர், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் பிழைக்க 1969இல் உருவானது பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த அத்தோதான் இவருடைய கோட்டை. தள்ளுவண்டிக்காரர் மஞ்சள் நூடுல்ஸை அள்ளி, நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைவார். அதன்மேல் மொறுமொறுப்பாகப் பொரித்த பேஜோவை நொறுக்கித் தூவுவார். “எண்ணெய் கம்மி, புளி தூக்கலா!” என்று நம்மவர் பக்கத்தில் நின்று உத்தரவு போடுவார்.

“இன்னாடா இது, இடியாப்பத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி வச்சிருக்கான்?” என்றாள் பெண்ணின் பாட்டி.

“பேசாம துன்னு பெரீம்மா.”

தின்றாள். இரண்டாவது பிளேட்டும் கேட்டாள். வாழைத்தண்டு சூப்பையும் விடவில்லை.

கடைசியாகக் கோட்டை அருங்காட்சியகம். நல்ல காரியம் என்று பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்க எல்லாரும் வெள்ளிக்கிழமையில்தான் கிளம்புவார்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இத்தனை கல்யாணம் ஆகியும் மனிதர் உள்ளே போனதே இல்லை. உள்ளே இருக்கும் பீரங்கி, வாள், நாணயம் எல்லாவற்றையும் வெளியே நின்றபடியே வர்ணித்துவிடுவார்.

மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு நம்மூருக்கும் ஆட்கள் வருகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதைப் பார்க்க. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. யார் தேர்தலில் நிற்கலாம், கணக்குக் காட்டாதவன் ஏன் நிற்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வழி கேட்பவர்களிடம் நம்மவர் கோயிலைக் கையால் காட்டிவிட்டு, “அது கெடக்குது சார், நீங்க பீச் ஸ்டேஷனாண்ட அத்தோ துன்னுகிறீங்களா?” என்பார். அந்தக் கல்வெட்டை அவர் படித்துப் பார்த்ததில்லை. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற சாக்கும் கிடையாது.

அடுத்து கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமையும் நல்ல நாள்தான். ஒரு தடவை அன்றைக்கு அவரை அழைத்துப் போங்கள்.