கானாடுகாத்தான் வாதவியல்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூர்வீக வீடு பற்றிய வாதம் நால்வகைப்படும். விற்றுவிடலாம், விற்கவே கூடாது, ஓட்டலாக்கலாம், எல்லாரும் வரட்டும் பேசுவோம் என்பன அவை. நான்காவது வாதமே அன்று என்பாரும் உளர். மற்ற மூன்றையும் ஆண்டுக்கணக்கில் தோற்கடித்து வருவது அதுவே ஆதலின் ஈண்டுக் கொள்ளப்பட்டது.

வாதத்துக்கு நிலைக்களன் மூன்று. முகப்புத் திண்ணையில் நடப்பது நாட்டு அரசியல், சேதமில்லை. இரண்டாங்கட்டில் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் பேசுவது தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. இடைப்பட்ட வளவில்தான் விவகாரம். நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, அறைக்கொரு பூட்டு. சாவி ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில். ஓடு பெயர்ந்தது மூத்தவர் பங்கில். ஒழுகுவது இளையவர் அறையில். செலவு யார் தலையில்? வாட்ஸப் குழுவில் "அண்ணே, எஸ்டிமேட் அனுப்புங்க" என்பது மூலம். அதற்கு வரும் கும்பிடும் கை உரை. அடுத்த மழைக்கு மறுபடி மூலம்.

வீட்டுக்கு விகாரமும் உண்டு: தோன்றல், திரிதல், கெடுதல். ஆண் வாரிசு இல்லாத பங்கில் பிள்ளை கூட்டினால், அதாவது தத்தெடுத்தால், புதுப் பங்காளி தோன்றுவார். பட்டாலைக் கூடம் ஓட்டல் வரவேற்பறையாகத் திரியும். பர்மாத் தேக்குத் தூண் இங்கே கெட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக நிற்கும். கெடுதலே மிகுதி. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசத்திலேயே காலம் தள்ளுவது பங்காளிகளுக்குப் புதிதல்ல.

எல்லா வாதத்துக்கும் அடியில் கிடப்பது ஒன்றே: கணக்கில் யார்? இவ்வூர்ச் செட்டியார்களான நகரத்தாருக்குக் குலப்பிரிவாக நிற்கும் கோயில் ஒன்பது. கல்யாணமானால் தம்பதி ஒரு புள்ளி. வரியும் புள்ளிக் கணக்கில். பெண், மணந்ததும் கணவர் கோயிலைச் சேர்கிறாள். சட்டமோ 1989-ல் தமிழகத்திலும் 2005-ல் நாடு தழுவியும் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்கிறது. ஆக, ஒரே ஆச்சி கோயில் கணக்கில் வெளியே, பத்திரத்தில் உள்ளே. கையெழுத்துக்கு அவரைத் தேடிப் போகிறவர்கள், வளவில் அறை கேட்டால் மரபு பேசுகிறார்கள். நான் ஆச்சி கட்சி.

‘கணக்கில் யார்?’ என்னும் இவ்விலக்கணம் கடல் கடந்தும் செல்லும். இஸ்ரேலில் 1950-ன் குடியேற்ற உரிமைச் சட்டத்தை 1970-ல் திருத்தி, யூதரின் பேரப்பிள்ளையும் வரலாம் என்றார்கள். மதவிதி பார்ப்பதோ தாய்வழியை. அதனால் குடியுரிமை பெற்றும் ரப்பிகள் முன் மணமுடிக்க இயலாதவர்கள், அங்கே பதிவுத் திருமணம் இல்லாமையால் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். மதப் பாடசாலை மாணவரும் படைக்கு வரவேண்டுமா என்பது இன்னொரு சண்டை. அவர்களுக்குத் தரப்பட்ட விலக்குக்குச் சட்ட ஆதாரமில்லை என்றது அந்நாட்டு உச்சநீதிமன்றம், 2024 ஜூனில். ஊருக்கே வராதவர் வரி தரவேண்டுமா என்ற நம்மூர் வாதத்துக்கு இது உறவுதான். ஆனால் இங்கே பணயம் ஓடு, அங்கே உயிர். தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கே என்று 2018-ல் சட்டம் செய்ததால், குடிமக்களாயிருந்தும் அந்தக் கணக்கில் வராத அரபியரும் உளர்.

புறனடை: காவல்காரர் எவ்வகையிலும் அடங்கார். புள்ளியில்லை, பங்கில்லை, வெளிக்கதவுச் சாவி மட்டும் அவரிடம். எந்த அறை ஒழுகுகிறது என்று சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு அவரைத்தான் கேட்கிறார்கள். அவர் சம்பளத்தை எந்தப் பங்காளி தருவது என்பது ஐந்தாம் வாதம். எல்லாரும் வந்ததும் பேசுவார்கள்.