பாடையும் சான்றும்

வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி. நோயிலிருந்து மீண்டவர் வேண்டுதல்படி பாடையில் பிணமாகப் படுப்பார். தீச்சட்டி முன்னே போக, உறவுகள் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றும். விபூதி விழுந்ததும் எழுந்து வீட்டுக்கு நடப்பார். நகலும் கேட்பதில்லை அம்மன், கையொப்பமும் கேட்பதில்லை.

அதே ஆள் அரசு ஓய்வூதியர் என்றால் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தரவேண்டும். தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், எதிரே நிற்கும் ஆள் இருக்கிறாரா என்பதே சந்தேகம். இதில் மூடநம்பிக்கை எந்தப் பக்கம்? பகுத்தறிவாளர்கள் விசாரிக்கட்டும். மிதவாத அரசியல்வாதி சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்த ஊர் இதே வலங்கைமான். ஆகவே குரல் உயர்த்தாமல் ஒன்று மட்டும்:

தமிழகக் கோயில்களை மேற்பார்வையிடுவது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். அம்மனிடம் உயிர்வாழ் சான்று கேட்க அதில் இன்னும் பிரிவு இல்லை. அதிகாரிகளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.