மைனஸ் அஞ்சு கிலோ உளுந்து

வா பேராண்டி, குந்து. திண்ணையை இடிச்சு கார் நிறுத்துறோம், அதனால பிளாஸ்டிக் சேர்தான் இப்ப திண்ணை. நேத்து உன் ஆன்லைன் கடைக்குன்னு நீ எழுதிக் குடுத்துட்டுப் போன நாப்பது பக்கத்தையும் படிச்சுட்டேன். கூடவே போன்ல ஒரு மாதிரிக் கடையைக் காட்டி, "தட்டிப் பாரு தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போனியே, அதுலயும் கொஞ்சம் சாமான் வாங்கிப் பாத்தேன். அந்தக் கணக்குப்படி நீ எனக்கு எழுநூறு ரூபா தரணும். அவசரமில்ல, பேசி முடிச்சுட்டு வாங்கிக்கறேன்.

முதல்ல காயிதத்துக்கு வருவோம். மேல 'ரெக்வயர்மென்ட்'னு போட்டிருந்துது. இன்னாடி இதுன்னு உங்க ஆயாவைக் கேட்டேன். வாங்கிப் பொரட்டிட்டு, "மளிகை சீட்டு மாதிரிதான் கீது, உப்பு புளி மட்டும் எழுத மறந்துட்டான்"னா. அவ பேச்சைத் தட்டாதே. ரோட்டோரம் நாப்பது வருஷம் நம்ம மளிகைக்கடை ஓடினது அவ போட்டுக் குடுத்த சீட்டுலதான். நான் கல்லாவுல குந்திகினு இருந்தேன், அவ்ளோதான்.

எண்ணிப் பாத்தேன் கண்ணு. 'வேணும்'னு முடியற வரி நூத்திப் பன்னெண்டு கீது. லோகோ மின்னணும், பேனர் நகரணும், மசாலாப் பொடியைத் தொட்டா சுத்திச் சுத்திக் காட்டணும். எல்லாம் ஜோர். "இப்படி ஆயிட்டா இன்னா பண்றது?"ன்னு ஒரு வரி இருக்கான்னு கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கினு தேடினேன். ஒண்ணும் ஆப்புடல. நீ எழுதினது கல்யாணப் பத்திரிகை. பந்தியில சாம்பார் தீந்துட்டா யாரு ஓடறதுன்னு பத்திரிகையில போட மாட்டாங்க. ஆனா கல்யாணத்தை நடத்துறவன் மடியில அதுக்கு ஒரு சீட்டு இருக்கும்.

நம்ம பக்கத்து ஊரு திருமழிசையை எடுத்துக்கோ. 2020 மே மாசம் கொரோனாவுல கோயம்பேடு மார்க்கெட்டை மூடிட்டு, காய்கறியை அங்க கொண்டாந்தாங்க. அவசரத்துக்குப் போட்ட இடம், குத்தம் சொல்ல மாட்டேன். கொட்டகை வந்துது, விளக்கு வந்துது, லாரி வந்துது. அப்புறம் மழையும் வந்துது. தக்காளிக் கூடை சேத்துல நின்னுது, மூட்டை தூக்குறவன் கால் சேத்துல நின்னுது, வியாபாரி தலையில கைய வெச்சிகினு நின்னான். செப்டம்பர் கடைசியில கோயம்பேடு மறுபடி தெறந்தப்பதான் மூச்சு வந்துது. உன் சீட்டும் வெயில்ல குந்திகினு எழுதினது. மழைக்கு அதுல ஒரு வரி கூட இல்ல.

மொத மழை விலாசத்துல பெய்யும். கதவு நம்பர், தெரு, ஊரு, பின்கோடுன்னு நாலே நாலு கட்டம் போட்டிருக்கே. ஆறு எண் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்கு வந்துது. நம்ம நசரத்பேட்டைக்கு 600123. அறுநூறுன்னு ஆரம்பிச்சா சென்னைன்னு உன் கம்ப்யூட்டர் நம்பிடும். நாம தபால்காரனுக்குத்தான் சென்னை, கலெக்டர் ஆபீசுக்குத் திருவள்ளூர் மாவட்டம். இதுல நீ, "சென்னை முழுக்க ரெண்டு மணி நேரத்துல டெலிவரி"ன்னு வேற எழுதி வெச்சிருக்கே. இங்கேருந்து கெளம்பற பையன் போரூரைத் தாண்டறதுக்குள்ள உன் ரெண்டு மணி நேரம் தீந்துடும். அதுக்கப்புறம் அவன் மயிலாப்பூர் போய்ச் சேந்தா இன்னா, போகாட்டி இன்னா?

ஊரு பேரையே இங்கிலீஷ்ல எஸ் போட்டு ஒருத்தன் எழுதறான், இஸட் போட்டு ஒருத்தன் எழுதறான். நம்ம வூட்டுக்குப் பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. யாராச்சும் வழி கேட்டா உங்க ஆயா இன்னா சொல்றா? "ஹைவேல எறங்கி, டீக்கடை சந்துல திரும்பி, வேப்பமரம் தாண்டி, நாய் குரைக்கிற வூடு." அந்த நாய் செத்து மூணு வருஷம் ஆவுது. வழி இன்னும் அதேதான், ஆளும் சரியா வந்து சேந்துடறான். அதனால 'அடையாளம்'னு அஞ்சாவதா ஒரு கட்டம் போடு. விலாசம் புரியலைன்னா பையன் யாருக்கு போன் அடிக்கணும், எடுக்கலைன்னா எத்தனை வாட்டி அடிக்கணும், அப்புறம் சரக்கை எங்க கொண்டுபோய் வெக்கணும், இதையும் எழுது.

அடுத்தது பேரு. நமக்கு வேர்க்கடலை. விழுப்புரம் பக்கம் போனா மல்லாட்டை. தெக்கத்திக்காரங்களுக்கு நிலக்கடலை. உன் கடையில வேர்க்கடலைன்னு தேடினா வருது, மல்லாட்டைன்னு போட்டா "எதுவும் கிடைக்கவில்லை"ங்குது. என் கடையில அப்படி ஒருத்தரைத் திருப்பி அனுப்பியிருந்தா உங்க ஆயா அன்னிக்கு எனக்குச் சோறு போட்டிருக்க மாட்டா. ஒரு சரக்குக்கு எத்தனை பேரு உண்டோ, அத்தனை பேருலயும் கூப்பிட்டா அது எழுந்து வரணும்.

அளவுக்கு 'எண்ணிக்கை'ன்னு ஒரே ஒரு கட்டம் வெச்சிருக்கே. எண்ணெய் லிட்டர்ல போவும், கீரை கட்டுல போவும், முருங்கைக்காயை எண்ணிக் குடுப்போம், உதிரிப்பூ எடையில போவும், கட்டின பூ முழத்துல போவும். பூவிருந்தவல்லின்னு பேரு வெச்சிகினு கீற ஊருக்குப் பக்கத்துல கடை போட்டுட்டு பூ விக்காம இருப்பியா? யாரு முழம்னு கேட்டு வெச்சியா? பூக்காரம்மா முழங்கை கொஞ்சம் குட்டை, உங்க ஆயா முழங்கை கொஞ்சம் நீளம், அந்த ரெண்டு வெரக்கடை வித்தியாசத்துல தெனம் ஒரு சண்டை நடக்கும். சட்டத்துக்குக் கிலோவும் மீட்டரும்தான் தெரியும். எந்தச் சரக்கு எந்த அளவுல, அரைக்கட்டு கேட்டா உண்டா இல்லையா, எல்லாத்தையும் புரோகிராம் எழுதற புள்ளைகிட்ட இன்னிக்கே சொல்லு. பாதி கட்டிடம் எழும்பின பின்னாடி அஸ்திவாரத்தை நகத்தச் சொன்னா கொத்தனாரே கும்பிடு போட்டுட்டுப் போயிடுவாரு.

இப்ப ஒரு கணக்கு. மாவடு பாட்டில் ஒண்ணே ஒண்ணு பாக்கி கீது. கடைக்கு வந்த அம்மா அதைக் கையில எடுத்துட்டாங்க. அதே நேரம் ஆப்புல ஒருத்தன் கூடையில போட்டுட்டான். மாவடு யாருக்கு? கூடையில போட்டதும் ஒதுக்கி வெப்பியா, பணம் கட்டினாத்தான் ஒதுக்குவியா? ஒதுக்கினா எத்தினி நிமிஷம்? என் கடையிலயும் "எடுத்து வைங்க, சாயங்காலம் வரேன்"னு சொல்லிட்டுப் போனவங்க உண்டு. ரெண்டு பேரு இன்னும் வரல. நான் கடையையே மூடிட்டேன்.

பணம் கட்டுற எடத்துல 'யூபிஐ வேணும்'னு ஒரே வரியில முடிச்சுட்டே. இங்க பணம் போறது பெருசில்ல. அங்க பணம் போயி, இங்க ஆர்டர் வராம நடுவுல நிக்குமே, அதுதான் பெருசு. அப்படி நின்னா அஞ்சு நாளுக்குள்ள பணம் தானா திரும்பணும், தாண்டினா நாளைக்கு நூறு ரூபா தரணும்னு ரிசர்வ் பேங்க் 2019லயே பேங்குங்களுக்குக் கெடு வெச்சிருக்கு. பேங்குக்குக் கெடு கீது, உனக்கு இன்னா கீது? அந்த நேரத்துல அவன் போன்ல இன்னா தெரியணும்? வட்டம் மட்டும் சுத்திகினு இருந்தா பயந்துபோய் மறுபடி கட்டுவான். ஒரு வூட்டுக்கு ரெண்டு மூட்டை அரிசி போயி எறங்கும்.

பேனருக்கு மட்டும் பதினேழு வரி ஒதுக்கியிருக்கே. லண்டன்ல பூ டாட் காம்னு ஒரு துணிக்கடை இருந்துது. 1999 நவம்பர்ல இணையத்துல தெறந்தாங்க. பேச ஒரு பொம்மைப் பொண்ணு, சட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுற படம், எல்லாம் இருந்துது. அன்னிக்கு இருந்த டெலிபோன் கம்பி இணைப்புல அந்தப் பக்கம் தெறக்கறதுக்குள்ள ஜனங்க எழுந்து போயிட்டாங்க. 2000 மே மாசம் கடையைச் சாத்திட்டாங்க. உன் மசாலாப் பொடி எத்தனை சுத்து சுத்துதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

சரி, தண்ணிக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்துல ஏரி நெறையற வரைக்கும் பாத்துகினு இருக்கறதில்ல, ரெண்டு அடி பாக்கி இருக்கும்போதே மதகைத் தூக்கற பேச்சு வந்துடும். 2015 டிசம்பர்ல செகண்டுக்கு 29,000 கன அடி வெளியே போச்சு. அந்த ராத்திரி அடையாத்தங்கரையில இருந்தவங்களுக்கு வரத்துன்னா இன்னான்னு சொல்லித் தர வேணாம்.

உன் ஏரிக்கு எத்தினி அடின்னு கேட்டா, "எவ்ளோ கூட்டம் வந்தாலும் தாங்கணும்"னு எழுதி வெச்சிருக்கே. எந்தக் கரை கண்ணு அப்படித் தாங்கியிருக்கு? ஃபிளிப்கார்ட் பெங்களூர்ல 2007ல புஸ்தகம் வித்து ஆரம்பிச்ச கடை. 2014 அக்டோபர் 6ந் தேதி 'பிக் பில்லியன் டே'ன்னு தள்ளுபடி போட்டாங்க. வழக்கத்தைப் போல இருபது மடங்கு கூட்டத்துக்குத் தயாரா, கிட்டத்தட்ட அய்யாயிரம் சர்வர் வெச்சிருந்தாங்க. வந்தது அதுக்கும் மேல. பத்து மணி நேரத்துல அறுநூறு கோடிக்கு வித்துது, அதே நாள்ல கடை திக்கித் திணறி நின்னுது, சரக்கு தீந்துது, எடுத்த ஆர்டர் ரத்தாச்சு. மறுநாள் மொதலாளிங்க பன்சால் ரெண்டு பேரும் வாடிக்கையாளருங்களுக்கு மன்னிப்புக் கடுதாசி அனுப்பினாங்க. அவ்ளோ பெரிய கையே எண்ணிப் பாத்தும் எண்ணிக்கை தப்பிடுச்சு. நீ எண்ணவே இல்லையே!

அதனால ஒரு எண் எழுது. ஒரே நேரத்துல அய்நூறு பேரா, அய்யாயிரம் பேரா? தீபாவளிக்கு மொத நாளு எத்தினி? அதைத் தாண்டினா எந்த மதகை மொதல்ல தூக்குவே? மொதல்ல பேனரை நிறுத்து, அப்புறம் படத்தைச் சின்னதாக்கு, அப்பவும் முடியலைன்னா ஆளுக்கு ஒரு டோக்கன் குடுத்து நிக்க வை. கல்லாவுக்குப் போற வழியை மட்டும் கடைசி வரைக்கும் அடைக்காதே. ஏரிக்கு அதைத்தான் கலங்கல்னு சொல்லுவாங்க. கரை ஒடையாம இருக்கறதே அதால.

சட்டம் கொஞ்சம் சொல்றேன், கொட்டாவி விடாதே. 2020ல வந்த மின் வணிக விதிப்படி, புகாரு வந்தா 48 மணி நேரத்துல "கிடைச்சுது"ன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீக்கணும். அதுக்கு ஒரு ஆளு பேரைக் கடையில போடணும். என் பேரைப் போட்டுடாதே, எனக்குக் காது கேக்காது. வாங்கறவன் கார்டு நம்பரை உன்கிட்ட வெச்சிக்கக் கூடாது, 2022 அக்டோபர்லேருந்து அது கூடாதுன்னு ஆயிடுச்சு. கேக்காத சாமானைக் கூடையில சொருகறது, இல்லாத அவசரத்தை உண்டாக்கி "ரெண்டே ரெண்டுதான் பாக்கி"ன்னு கத்தறது, இந்த மாதிரி பதிமூணு தில்லுமுல்லுக்கு 2023லயே தடை போட்டுட்டாங்க. அதுல பாதியை நான் கல்லாவுல குந்திகினு வாயாலயே பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டர் பண்ணா எழுத்துல மாட்டும், ஜாக்கிரதை.

வரியை மட்டும் புரோகிராமுக்குள்ள ஆணி அடிச்சு மாட்டாதே. சுவத்துல சாக்பீஸ்ல எழுதற மாதிரி வை. 2025 செப்டம்பர் 22ந் தேதி ஒரே ராத்திரியில நெய் 12லேருந்து 5க்கு வந்துது, குளிக்கிற சோப்பும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் 18லேருந்து 5க்கு வந்துது. மொத நாளு வாங்கின நெய்யை ஒருத்தன் நாலு நாளு கழிச்சுத் திருப்பிக் குடுத்தா எந்த வரியைச் சேத்துத் தருவே? வாங்கின அன்னிக்கு இருந்த வரியை உன் பேரேடு ஞாபகம் வெச்சிருக்கணும்.

சரி, இப்ப என் எழுநூறு ரூபாய்க்கு வா. உன் மாதிரிக் கடையில கிலோ நூத்தி நாப்பதுன்னு உளுந்து இருந்துது. அளவு கட்டத்துல அஞ்சுன்னு போடப் போனவன், எதுக்கும் பாப்போமேன்னு முன்னாடி ஒரு மைனஸ் போட்டேன். உன் கடை ஏன் எதுக்குன்னு கேக்கல. மைனஸ் அஞ்சு கிலோ உளுந்து, மொத்தம் மைனஸ் எழுநூறு ரூபா, "ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, நன்றி"ன்னுது. நான் வாங்கினதுக்குக் கடை எனக்குப் பணம் தரணுமாம். நாப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு வாடிக்கை அமையலையே!

மொகத்தைத் தொங்கப் போடாதே. அமேசானுக்கே ஆரம்பத்துல இந்தக் கதை நடந்துது. புஸ்தகத்தை மைனஸ் கணக்குல ஆர்டர் பண்ணா, அவங்க கார்டுல பணத்தை வரவு வெச்சிட்டு புஸ்தகம் வருமான்னு கடை காத்துகினு இருக்கும்னு அந்த மொதலாளி பெசோஸே மேடையில சொல்லிச் சிரிச்சிருக்காரு. அவரு சிரிக்கலாம், அவருகிட்ட கீது. உன் கடை தெறந்த அன்னிக்கே ஊரு பூரா என்னை மாதிரி கெழவனுங்க மைனஸ் போட்டா, உங்க அப்பன் வூட்டுப் பத்திரத்தை எடுத்துகினு பேங்குக்கு நடக்கணும்.

எழுதிக்கோ, நூத்திப் பதிமூணாவது வரி: "தாத்தா மாதிரி ஒரு ஆளு வந்தா இன்னா பண்றது?" அந்த நூத்திப் பன்னெண்டு வரிக்குக் கீழயும் இதே கேள்வியைப் போட்டு, பதிலு எழுதிகினு அடுத்த ஞாயித்துக்கெழமை வா. மறுபடி தட்டிப் பாக்கறேன்.

இப்ப பாக்கியை வை. பணமா இல்லாட்டி சரக்கா குடு, எனக்கு ரெண்டும் சம்மதம். உளுந்தா குடுக்கறதுன்னா மைனஸைக் கழட்டிட்டுத் தராசுல அளந்து குடு. ஆயா நாளைக்கு வடைக்கு ஊறப் போடணுமாம்.